விட்டமின் டி வாங்கப் போன இடம்

நான் ஓய்வு பெற்று இரண்டு வருஷம் ஆகிறது. போன வாரம், ஆஸ்பத்திரிப் பல் பகுதியில் என் இடத்துக்கு வேலைக்கு வந்திருக்கும் பர்வீன் என்ற பிள்ளை வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பியிருந்தாள். ஒரு மாத்திரைப் போத்தல். பக்கத்தில் ஒரு பெண் இருக்கிற பல் எல்லாம் தெரியச் சிரிக்கிறாள். பல்லுக்குக் கம்பி போட்டவர்கள் தினமும் இரண்டு விழுங்கினால் இரண்டு வருஷ வேலை ஒரு வருஷத்தில் முடிந்துவிடுமாம். “அங்கிள், இன்னைக்கு மட்டும் நாலு அம்மாமார் இதக் காட்டிக் கேட்டுட்டாங்க. நான் என்னத்தச் சொல்ல?” என்று கீழே எழுதியிருந்தாள்.

நான் டாக்டர் இல்லை. டாக்டருக்குப் பக்கத்தில் முப்பது வருஷம் எச்சில் உறிஞ்சும் குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றவன். “டாக்டர்கிட்ட கேக்கச் சொல்லு, பிள்ளை” என்று பதில் போட்டுவிட்டுப் படுத்தேன். மனசு கேட்கவில்லை. பல்லை ஓட வைக்கும் மருந்து என்றால் எனக்கு ஒரு கதை உண்டு. அதில் மாட்டிக்கொண்டு முழித்தவனும் நான்தான். அதை அவளுக்கு எழுத ஆரம்பித்தது நீண்டு இப்படி ஆகிவிட்டது.

நான் பிறந்தது புளத்கொகுபிட்டியவுக்கு மேலே ஒரு தோட்டத்தில். அப்பா ரப்பர் மரத்தில் பால் வெட்டினார், அம்மா தேயிலைக் கொழுந்து எடுத்தார். ருவான்வெல்லையில் ஒரு முதலாளியின் கடையில் மூன்று வருஷம் நின்றதில் சிங்களம் நாக்கில் ஒட்டிக்கொண்டது. பிறகு ஆஸ்பத்திரியில் எடுபிடி வேலைக்கு லேபராகச் சேர்ந்தேன். ஒருநாள் பல் பகுதியில் வேலைக்கு வரவேண்டியவர் வரவில்லை என்று என்னை அனுப்பினார்கள். அவர் மறுநாளும் வரவில்லை, அதற்குப் பிறகும் வரவில்லை. என் பயிற்சி அவ்வளவுதான்.

பல் சீரமைப்புக்குத் தனி அறையும் தனி டாக்டரும் வந்தபோது எனக்கு இன்னொரு வேலையும் சேர்ந்தது. டாக்டர் சிங்களம், வருகிறவர்களில் பாதி தோட்டத்து ஜனங்கள். எங்கள் ஆட்களுக்குச் சிங்களம் தெரியாதா என்று கேட்பீர்கள். நன்றாகத் தெரியும். கடையில் பேரம் பேசுவார்கள், பஸ்ஸில் கண்டக்டரோடு சண்டை பிடிப்பார்கள். ஆனால் வெள்ளைக் கோட்டைக் கண்டதும் அந்தச் சிங்களம் எங்கே போகுமோ தெரியாது. அம்மா மகளைப் பார்ப்பாள், மகள் சுவரைப் பார்ப்பாள், கடைசியில் இரண்டு பேரும் என்னைப் பார்ப்பார்கள். அப்படியே நான் மொழிபெயர்ப்பாளன் ஆனேன்.

டாக்டரை நாங்கள் எல்லோரும் மெடம் என்றுதான் சொல்வோம், இங்கேயும் அப்படியே இருக்கட்டும். அவருக்கு என் பெயர் ரொம்ப வசதி. முத்தையா என்று கூப்பிட்டால் அதன் வாலிலேயே, சிங்களத்தில் அண்ணனைக் குறிக்கும் ‘அய்யா’ வந்துவிடும். தனியாக மரியாதை சேர்க்க வேண்டியதில்லை. மெடம் குரலை உயர்த்த மாட்டார். வாய்க்குள் விடும் கண்ணாடியின் பிடியால் தட்டில் தட்டுவார். ஒரு தட்டு என்றால் பஞ்சு வேண்டும். இரண்டு தட்டு என்றால் அறையில் யாருக்கோ நேரம் சரியில்லை.

அவருடைய முறை ஒன்று உண்டு. பிள்ளை நாற்காலியில் சாய்ந்ததும் மூன்று கேள்வி: வலித்ததா, ஏதாவது உடைந்ததா, எதையாவது கழற்றினாயா? பிறகு பழைய கம்பியைக் கழற்றுவார். பல் பிடுங்கிய இடத்தில் எவ்வளவு இடைவெளி மிச்சம் இருக்கிறது என்று அளவுகோலை வைத்து அளப்பார். அளவை ஒருமுறை சொல்வார், நான் கார்டில் எழுதி, எழுதியதைத் திருப்பி வாசிக்க வேண்டும். போன மாத அளவை முன்கூட்டிக் காட்டக் கூடாது. “பழசைப் பார்த்துவிட்டு அளந்தால் கண் பொய் சொல்லும், முத்தையா” என்பார். அரை மில்லிமீட்டருக்காக மூன்று தடவை அளந்ததையும் பார்த்திருக்கிறேன்.

இவ்வளவு கவனமாக அளக்கிற மனுஷியிடம் வந்து, சீக்கிரம் முடியாதா என்று கேட்காத ஆள் கிடையாது. ஓர் அம்மா முட்டை ஓட்டை இடித்து மகனுடைய சோற்றில் தூவினாள். பல்லில் ஒட்டியிருந்த உலோகப் பொட்டு ஒவ்வொன்றுக்கும் இடையில் முட்டை ஓடு. துப்புரவு செய்ய எனக்கு அரை மணித்தியாலம் போனது. ரம்புக்கனையிலிருந்து வந்த ஒரு ரயில்வேக்காரர், ஜிம்முக்குப் போகும் மூத்தவனின் புரோட்டீன் தூளை இளையவனுக்குக் கரைத்துக் கொடுத்தார். பல் இருந்த இடத்திலேயே இருந்தது, பையன்தான் நாற்காலியில் அடங்காமல் போனான். மெடம் எல்லோருக்கும் ஒரே பதில் சொல்வார்: “பல் மாடு இல்லை, அடித்து ஓட்ட. ஒரு பக்கம் எலும்பு கரைந்து மறுபக்கம் வளர வேண்டும். உடம்பில் குறை இருந்தால் நிரப்பலாம். குறை இல்லாதவனுக்குக் கொட்டினால் சிறுநீர்தான் செழிப்பாக இருக்கும்.” இந்தக் கடைசி வாக்கியத்தை நான் தமிழில் சொல்வதில்லை.

ஆனால் மெடத்துக்குக் கீழே ஒரு சின்ன டாக்டர் வந்தார். நல்ல மனுஷன், வாசிக்கிற மனுஷன். விட்டமின் டி கொடுத்தால் பல் வேகமாக நகரலாம் என்று எங்கோ வாசித்திருந்தார். மெடம் கேட்டார்: “எலிக்கா, மனுஷனுக்கா?” சின்ன டாக்டர், “பெரும்பாலும் எலிக்கு, மெடம்” என்றார். “அப்படியானால் எலி வந்தால் அனுப்பு.”

அந்த நேரத்தில்தான் ஸ்டெல்லாவின் கதை சிக்கலானது.

ஸ்டெல்லா எங்கள் பக்கத்துத் தோட்டப் பிள்ளை. அம்மா லூர்தம்மா கொழுந்து எடுக்கிறவர். மேல்வரிசை முன்பல் நன்றாகத் தூக்கியிருந்ததால் அந்தப் பிள்ளை உதட்டை இழுத்து மூடியே பழகிவிட்டது. ஒரு கேள்வி கேட்டால் தலை ஆடும், வாய் திறக்காது. இடம் விடப் பல் பிடுங்கி, கம்பி போட்டு வைத்தியம் நடந்துகொண்டிருந்தது. படிப்பில் கெட்டி. உயர்தரப் பரீட்சை பாஸ் பண்ணி, ஆசிரியர் பயிற்சிக்கு வேறு மாகாணத்துக் கல்வியியற் கல்லூரியில் பெயர் வந்துவிட்டது. ஒன்பது மாதத்தில் போக வேண்டும். ஒருநாள் அறையில் வேறு யாரும் இல்லாத நேரம் பார்த்து என்னிடம் கேட்டது: “அங்கிள், அதுக்குள்ள முடிஞ்சிருமா? ஒண்ணாம் வகுப்புப் புள்ளைங்களுக்கு நான் போர்டப் பாத்துக்கிட்டேவா படிச்சுக் குடுக்குறது?”

கேள்வியை மெடத்திடம் கொண்டு போனேன். அந்த ஊர் ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுக்கலாம், ஆனால் அங்கே வரிசையில் கடைசியில் நிற்க வேண்டும். அரைகுறையில் கம்பியைக் கழற்றினால் பல் பழைய இடத்துக்கே திரும்பிவிடும். மெடம் கணக்குப் போட்டுப் பார்த்து, “ஒழுங்காக ரப்பர் போட்டால் முடியும்” என்றார்.

ரப்பர் என்பது ஒரு குட்டி வளையம். மேலே கோரைப்பல் பக்கம் இருக்கும் கொக்கியிலிருந்து கீழே கடைவாய்ப்பல் கொக்கிக்கு இழுத்து மாட்ட வேண்டும், இரண்டு பக்கமும். மெடம் சிங்களத்தில் தெளிவாகச் சொன்னார்: தினமும் பழையதை எறிந்துவிட்டு, புதியதாக மாற்றிப் போட வேண்டும். அன்றைக்குச் சாப்பாட்டு நேரம் தாண்டிவிட்டது. பசி காதை அடைத்தது. நான் திரும்பித் தமிழில் சொன்னேன்: “ரெண்டு பக்கமும் ஒவ்வொண்ணு. தெனமும் மறக்காம மாத்தி மாத்திப் போடணும். விளங்கிச்சா?” பிள்ளை தலையாட்டியது. அழுத்திச் சொல்கிறேன் என்ற நினைப்பில் ‘மாத்தி’யை இரண்டு தரம் சொன்னேன்.

அடுத்த மாதம் அளந்தபோது இடைவெளி நான்கு மில்லிமீட்டர். போன மாதமும் நான்கு. அதற்கடுத்த மாதமும் நான்கு. மூன்றாம் மாதம் மெடம் பழைய அளவைக் கேட்டுவிட்டு, மறுபடி அளந்துவிட்டு, தட்டில் இரண்டு தட்டு தட்டினார்.

“ரப்பர் போடுகிறாளா, கேள்.”

“ரப்பர் போடுறியாம்மா?”

“போடுறேன், அங்கிள்.”

“தெனமும் மாத்துறியா?”

“மாத்துறேன். ஒரு நாளும் விடல.”

கர்த்தர் சாட்சியாக அந்தப் பிள்ளை சொன்னதில் ஒரு சொல் பொய் இல்லை.

போடுகிறது, மாற்றுகிறது, ஆனால் பல் நகரவில்லை. சின்ன டாக்டருக்குச் சந்தர்ப்பம் கிடைத்தது. இரத்தம் சோதித்துப் பார்ப்போம் என்றார். பார்த்தால் விட்டமின் டி உண்மையிலேயே குறைவு. பரீட்சைக்காக வெயில் படாமல் உள்ளேயே கிடந்து படித்த பிள்ளை. மெடம், “குறைவு என்றால் கொடு, எலும்புக்கு நல்லது. பல் ஓடும் என்று மட்டும் வாக்குக் கொடுக்காதே” என்றார். சின்ன டாக்டர் துண்டுச் சீட்டில் மருந்தை எழுதி, “சிலவேளை கொஞ்சம் வேகமாகலாம்” என்று லூர்தம்மாவிடம் சொல்லச் சொன்னார். நான் வழக்கம்போல் கொஞ்சம் உப்பு, புளி சேர்த்தேன். “இது விட்டமின் டி. இங்க இல்ல, வெளியில வாங்கணும். துண்டக் காட்டினா குடுப்பாங்க. குடுத்தா பல்லு சர்ருனு நகரும்.”

லூர்தம்மா துண்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போனார்.

அடுத்த மாதம் ஸ்டெல்லா வாயைத் திறந்ததும் மெடம் சற்றுப் பின்வாங்கினார். பல்லைக் கட்டியிருந்த கண்ணாடி நிறக் குட்டி வளையங்கள் எல்லாம் கறுப்புச் சிவப்பு. கொக்கியில் இழுத்த ரப்பர் பழைய தோல் சப்பாத்து நிறம்.

“இந்தப் பிள்ளை என்ன குடிக்கிறது?”

நான் கேட்டேன். லூர்தம்மாவுக்கு முகம் எல்லாம் பெருமை. “நீங்க சொன்னதுதாண்ணே. விட்டமின் டீ. காலையில ஒண்ணு, மத்தியானம் ஒண்ணு, படிக்கையில ரெண்டு.”

“எங்க வாங்குனீங்க?”

“எங்க வாங்குறது? நம்ம ஃபேக்டரியிலதான். துண்டக் காட்டினேன், டீமேக்கரையா பாத்தாரு.”

விஷயம் மெல்ல மெல்ல வெளியே வந்தது. துண்டில் இருந்தது டி-3. அதைத் தேயிலைத் தொழிற்சாலையில் தூளைத் தரம் பிரிக்கிற டீமேக்கரிடம் காட்டினால் அவர் வேறென்ன வாசிப்பார்? தேயிலைக்காரருக்கு டி என்றால் டஸ்ட், அதாவது தூள். கண்ணாடியைப் போட்டுப் பார்த்து, “டி த்ரீ எல்லாம் நாங்க போடுறதில்லம்மா. அது மட்டம். டாக்டருக்குத் தேயிலையப் பத்தித் தெரியாது. டி வன் தாறேன், அது இன்னும் ஒசத்தி. கறுப்பா, சீனி போடாமக் குடுங்க” என்றிருக்கிறார். நான் மருந்தைப் பற்றிச் சொன்னபோது ஸ்டெல்லா வெளியே போயிருந்தது, துண்டும் அதன் கண்ணில் படவில்லை. தோட்டத்தில் பிறந்த பிள்ளை, அம்மா ஒரு தேத்தண்ணி கூடக் கொடுத்தால் ஏன் என்று கேட்குமா?

நான் இதைச் சிங்களத்தில் சொல்லி முடிப்பதற்குள் சின்ன டாக்டர் வெளியே ஓடிவிட்டார். மெடம் அசையாமல் உட்கார்ந்திருந்தார். முகமூடி மட்டும் உள்ளே போய் வெளியே வந்தது. அவர் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை, அதுவும் பாதிதான் தெரிந்தது.

பிறகு சட்டென்று சிரிப்பு நின்றது. கொக்கியிலிருந்த ரப்பரை இடுக்கியால் எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். “முத்தையா, நேற்றுப் போட்ட ரப்பருக்கு ஒரே நாளில் இந்தச் சாயம் ஏறுமா?”

நான் ஸ்டெல்லாவிடம் கேட்டேன். “இத எப்பப் போட்ட?”

“நேத்துத்தான் இந்தப் பக்கம் போட்டேன், அங்கிள். முந்தாநாள் அந்தப் பக்கம் இருந்திச்சு.”

“அந்தப் பக்கமா?”

“நீங்கதானே மாத்தி மாத்திப் போடச் சொன்னீங்க? வலத்துல உள்ளத எடத்துல, எடத்துல உள்ளத வலத்துல. அந்தா இந்தான்னு அறுந்தா மட்டும் புதுசு எடுப்பேன்.”

ஒருநாள் போனாலே இழுவை செத்துவிடும் ரப்பர். அந்தச் செத்த ரப்பரை நான்கு மாதம் இந்தப் பிள்ளை இடமும் வலமுமாக மாற்றி, ஒரு நாளும் விடாமல், பக்தியோடு மாட்டியிருக்கிறது.

“நீ என்ன சொன்னாய், முத்தையா?” என்று மெடம் கேட்டார்.

அப்போது நான் செய்ததை எழுத இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது. “நான் சரியாகத்தான் சொன்னேன், மெடம். பிள்ளைக்குத்தான் விளங்கவில்லை” என்றேன், நல்ல சிங்களத்தில். அந்த அறையில் தமிழ் தெரிந்த உத்தியோகத்தன் நான் ஒருவன்தான். யார் வந்து சாட்சி சொல்லப் போகிறார்கள்?

மெடம் ஸ்டெல்லாவைப் பார்த்தார். நானும் பார்த்தேன். பிள்ளையின் கண்ணில் தண்ணீர் முட்டியிருந்தது. சிங்களம் அவளுக்கு அத்தனையும் விளங்கும், பேசத்தான் வாய் வராது. நான் போட்ட பழி சொல்லுக்குச் சொல் அவளுக்கு விளங்கிவிட்டது. இருந்தும் “இல்லை” என்று ஒரு வார்த்தை சொல்ல அந்த வாய் திறக்கவில்லை. தலையைக் குனிந்து அந்தப் பழியை வாங்கிக்கொண்டது.

முப்பது வருஷத்தில் எத்தனையோ பேருடைய வலியைப் பார்த்திருக்கிறேன், அது போல ஒன்று எனக்கு வலித்ததில்லை. “இல்லை மெடம். தப்பு என்னுடையது. ‘புதுசு’ என்கிற சொல்லை நான் விட்டுவிட்டேன். மாற்றி மாற்றி என்றால் தமிழில் இடம் வலம் மாற்றுவது என்றும் வரும்” என்றேன்.

மெடம் கண்ணாடியைக் கையில் எடுத்தார். இரண்டு தட்டு விழும் என்று காத்து நின்றேன். விழவில்லை. “எண்ணைத் திருப்பி வாசிக்கச் சொல்கிற நான், இதையும் திருப்பிச் சொல்லச் சொல்லியிருக்க வேண்டும். பாதித் தப்பு எனக்கு” என்றார். பிறகு ஒரு புது ரப்பர்ப் பொட்டலத்தைப் பிரித்து ஸ்டெல்லாவின் கையில் முகம் பார்க்கும் கண்ணாடியைக் கொடுத்து, நீயே மாட்டு என்றார். அன்றிலிருந்து எங்கள் அறையில் சட்டம் மாறியது. விளங்கியதா என்று கேட்பது கிடையாது. செய்து காட்டினால்தான் நாற்காலியை விட்டு இறங்கலாம். மறு வாரம் வந்த இன்னொரு தமிழ்ப் பையனிடம் ரகசியமாக விசாரித்தேன். அவன் இன்னும் கெட்டிக்காரன், மேல் நுனியைக் கீழாகவும் கீழ் நுனியை மேலாகவும் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தான்.

அன்று பின்னேரம் பஸ் தரிப்பில் லூர்தம்மாவைத் தேடிப் போய் மன்னிப்புக் கேட்டேன். “நாலு மாசத்தக் கெடுத்துட்டேன், தங்கச்சி” என்றேன். லூர்தம்மாவுக்குக் கோபம் இருந்தது, முகத்தில் நன்றாகத் தெரிந்தது.

“வயிறு எரியுதுதாண்ணே. இல்லன்னா பொய்யி” என்றார். “ஆனா நீங்க இல்லாட்டி அந்த ரூம்புல நாங்க ஊமையால்ல நிப்போம்? தப்பாச் சொன்னாலும் நம்ம பேச்சுலதானே தப்பாச் சொன்னீங்க. இனிமே சரியாச் சொல்லுங்க.”

இதைவிடக் கன்னத்தில் ஒரு அறை விட்டிருக்கலாம்.

ஐந்து மாதம் இருந்தது. மெடம் மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஸ்டெல்லாவை வரவழைத்தார். சாப்பாட்டு இடைவேளையில் பார்ப்பார், வரிசையில் யாருடைய இடமும் போகாது. மூன்று மில்லிமீட்டர் என்று முதல் தடவை சொன்னபோது எழுதியதை நான் இரண்டு தரம் திருப்பி வாசித்தேன். பிறகு இரண்டு. பிறகு ஒன்றரை. கடைசி மாதம் அரையில் நின்று எங்களைப் பாடாய்ப் படுத்தியது. பிள்ளை போக ஒரு வாரம் இருக்கும்போது மெடம் அளவுகோலை வைத்து, எடுத்து, வைத்து, “பூச்சியம்” என்றார்.

வெற்றி வந்ததும் அதற்குச் சொந்தக்காரர்களும் வந்தார்கள். இதற்கிடையில் பிள்ளை உண்மையான விட்டமின் டியும் விழுங்கியிருந்ததால் சின்ன டாக்டர் அது மாத்திரையின் வேலை என்றார். லூர்தம்மா அந்தோனியாருக்கு வைத்த நேர்த்திக்கடன் என்றார். டீமேக்கரையா நிறுத்தச் சொல்லும் வரை கொடுத்த டி வன் அத்திவாரம் போட்டது என்று தோட்டம் முழுக்கச் சொல்லித் திரிந்தார். அவர் பேச்சைக் கேட்டு இரண்டு குடும்பம் கறுப்புத் தேத்தண்ணிக் கறையோடு எங்களிடம் வந்தது. ரப்பர் மட்டும் தனக்கென்று ஒன்றும் சொல்லவில்லை. பர்வீன், அந்த நாலு அம்மாமாரிடமும் முதலில் ரப்பரை மாட்டிக் காட்டச் சொல்லு.

கம்பி கழற்றிய அன்று ஒட்டுப்பசையை எல்லாம் சுரண்டித் துப்புரவாக்கி, மெடம் கண்ணாடியைக் கொடுத்தார். ஸ்டெல்லா பார்த்தது, பார்த்தது, பார்த்துக்கொண்டே இருந்தது. மெடம் என் பக்கம் திரும்பி, “பல் திரும்பாமல் இருக்க இரவில் வாயில் போடும் தட்டைப் பற்றிச் சொல்லு, முத்தையா” என்றார். நான் தொண்டையைச் செருமினேன்.

“நானே கேட்டுக்கிறேன், அங்கிள்” என்றது பிள்ளை. என்றுவிட்டு மெடத்தைப் பார்த்துச் சிங்களத்தில் ஆரம்பித்தது. எத்தனை மாதம் போட வேண்டும், எப்படிக் கழுவ வேண்டும், உடைந்தால் அந்த ஊரில் யாரிடம் போக வேண்டும், இங்கேயே வரலாமா? மெடம் சொல்லச் சொல்லத் திருப்பிச் சொன்னது. பிறகு தட்டை மாட்டிக் காட்டியது, கழற்றிக் காட்டியது. லூர்தம்மா என் காதில், “இது என் மகதானாண்ணே?” என்றார். கொஞ்ச நேரம் கழித்து, “போதும்டி, மெடத்துக்கு வேல இருக்கு” என்று அதட்டவும் வேண்டியிருந்தது. அன்றைக்கு அந்த அறையில் எனக்குப் பேச்சு வேலை ஒன்றும் இருக்கவில்லை. உறிஞ்சும் குழாயைப் பிடித்துக்கொண்டு சும்மா நின்றேன்.

வெளியே, உட்காரும் வாங்கில், ஒரு தோட்டத்துச் சிறுமி புதிதாகக் கொடுத்த ரப்பர் பொட்டலத்தை வைத்துக்கொண்டு முழித்துக்கொண்டிருந்தது. போகிற போக்கில் ஸ்டெல்லா அதன் முன்னால் குந்தியது.

“வாயில உள்ளதக் கழட்டு. கழட்டிட்டியா? இப்ப என்ன செய்யணும்?”

“மாத்தணும், டீச்சர்.”

டீச்சர் என்று யார் அதற்குச் சொன்னார்களோ தெரியாது.

“மாத்துறதுன்னா என்னா? பழசத் தூக்கி எறியிறது. சொன்னாப் போதாது. எறி, பாப்போம். நல்லா தூரத்துக்கு!”

சிறுமி எறிந்தது. அது நேராக என் சப்பாத்தில் வந்து விழுந்தது. ஸ்டெல்லா திரும்பி என்னைப் பார்த்து வாய் நிறையச் சிரித்தது. நான் குனிந்து ரப்பரைப் பொறுக்கிக் குப்பைக் கூடையில் போட்டேன்.